சத்தமாக ஒரு பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராத்திரி வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்து, ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் கேட்கிற பழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கமிருந்தே நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோபியில் கிளை நூலகராக இருந்த காலத்திலிருந்தே என் மனசுக்கு நெருக்கமான விஷயம் இது. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: மகள் அஞ்சாம் வகுப்பு, மகன் ஒண்ணாம் வகுப்பு. ரெண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். "ஏம்மா நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறே?" என்று மகள் கேட்டுவிட்டாள். சின்னவன் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. அவர் பனியன் கம்பெனியிலிருந்து வர எட்டரை ஆகிறது. அத்தை சீரியலை விட்டு எழுந்து வருவதில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டுங்க?
– ஒரு வாசகி, பெருந்துறை

அம்மிணி, உங்கள் மகளுக்குக் காது கூர்மை. அவள் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நாம் வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் இன்னொன்று. "போயிட்டு வந்தான்" என்று நாள் முழுக்கக் கேட்கிற குழந்தை, "சென்று திரும்பினான்" என்பதை எங்கே கேட்கும்? டிவி செய்தியில்தான். அதனால்தான் அவளுக்கு நியூஸ் ஞாபகம் வந்தது. தமிழ்ப் பாடம் கஷ்டம் என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கூட்டி முடித்த வார்த்தைதான் அவர்கள் காதில் அதுவரை விழுந்திருக்காது. 'அம்பறாத்தூணி' என்று சரியாகப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதே வார்த்தை ஒரு சண்டைக் கதையில், அம்மாவின் குரலில், வீரன் முதுகிலிருந்து அம்பை உருவுகிற இடத்தில் காதில் விழுந்திருந்தால், அப்புறம் அகராதி வேண்டியதில்லை. எழுத்துத் தமிழைக் குழந்தைக்குப் பழக்கமான மொழியாக்க, வீட்டில் வாய்விட்டு வாசிப்பதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சின்னவனுக்காக முதல் சில நாள் 'சென்றான்' என்பதைப் 'போனான்' என்று மாற்றி வாசியுங்கள், தப்பில்லை. அவன் கதைக்குள் வந்த பிறகு அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். எப்போதும் மாற்றிக்கொண்டே இருந்தால் நீங்கள் கதை சொல்கிறவராகத்தான் இருப்பீர்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் புத்தகத்தின் தமிழ் அவன் காதுக்குப் போய்ச் சேராது.

நியூஸ் மாதிரி கேட்டதற்கு இன்னொரு காரணம் குரல். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "மழைக்கு ஒதுங்கிய கிழவி, கூடையை இறக்கி வைத்து, திண்ணையில் படுத்திருந்த நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானும் ஓரமாக உட்கார்ந்தாள்." இதில் 'உட்கார்ந்தாள்' வரும்வரை குரல் இறங்கவே கூடாது. கமா வந்த இடத்திலெல்லாம் குரலை இறக்கினால் கேட்கிறவருக்கு வாக்கியம் துண்டு துண்டாகப் போய்விடும். வாய் ஒரு சொல்லைச் சொல்லும்போது கண் அடுத்த வரியைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். பேச்சு வருகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் மாற்றினால் 'என்றான்', 'என்றாள்' பாதியை விட்டுவிடலாம்.

சின்னவன் உட்காரவில்லை என்பதைப் பொருட்படுத்தாதீர்கள். ஆறு வயதுப் பையனுக்குக் கை ஓய்ந்தால்தான் கால் ஓடும். கையில் ஏதாவது வேலை கொடுங்கள். எங்கள் மாமனார் வீட்டில் ஆடிப்பட்டத்துக்கு விதைக் கடலைக்காய் உரிக்கும் நாட்களில்தான் வாசிப்பு நன்றாக நடக்கும். மிஷினில் போட்டால் பருப்பு உடையும், தோல் உரியும், முளைப்பு குறையும் என்று விதைக்கு எப்போதும் கையால்தான் உரிப்பார்கள். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், நடுவே கடலைக்காய்க் குவியல், சுற்றிலும் நாங்கள். மாமனார் மட்டும் தூணில் சாய்ந்து விளக்குக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு. கதையில் இக்கட்டான இடம் வந்தால் காய் உடைபடும் சத்தமே நின்றுவிடும். அவரும் அதைக் கவனித்து, அங்கே வேண்டுமென்றே சித்த நேரம் நிறுத்துவார். குழந்தைகள் குவியலைச் சுற்றி ஊர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். மறுநாள் கேட்டால் கதை முழுக்கச் சொன்னார்கள். உங்கள் மகனுக்குப் பட்டாணி உரிக்கவோ, வெங்காயச் சருகு எடுக்கவோ, படம் வரையவோ கொடுங்கள். அவன் மேசைக்கு அடியில் இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அத்தையோடும் சீரியலோடும் போட்டிக்குப் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்கு நேரம் தானாகவே அமைந்திருக்கிறது: அவர் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்காரும் நேரம். எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பீர்கள், அவருக்கும் நாள் முழுக்கக் கேட்ட மிஷின் சத்தத்துக்கு அப்புறம் கேட்க ஒரு குரல் கிடைக்கும். பரிமாறுகிற பொறுப்பை அவரே எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் வாசியுங்கள்.

என்ன புத்தகம்? மகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து என்றால் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை. அடுத்த வாரம் வரைக்கும் வாசகரைக் காக்க வைக்க வேண்டிய கட்டாயத்தில் எழுதியதால், அத்தியாயம் முடிகிற இடங்கள் சத்தமாக வாசிப்பதற்கென்றே செய்தமாதிரி இருக்கும். ஒரு ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் போதும். இன்னொன்று வாசி என்று கெஞ்சினாலும் புத்தகத்தை மூடிவிடுங்கள். முதல் அத்தியாயம் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் தொடங்குகிறது. அன்றைக்குப் பவானி கூடுதுறைக்குப் போய்வந்த கையோடு ஆரம்பித்துப் பாருங்கள், வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் பார்க்கிற கூட்டம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கூட்டமாக இருக்கும். சின்னவனுக்குத் தனியாக, அதற்கு முன்னால், ஒரு படக்கதை.

அத்தைக்காக ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் தூங்கின பிறகு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வாசித்துக் காட்டுங்கள். 1942-இல் வந்த நாவல். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் எழுதியது. நிலத்தைப் பங்கு பிரிக்கிற தகராறும், நம் பக்கத்துப் பேச்சும். தான் பேசுகிற பேச்சு அச்சில் ஏறியிருப்பதை அத்தை கேட்கட்டும். முடிவு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, அதனால்தான் தூங்கின பிறகு என்றேன்.

இன்னொன்று, இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். பகல் முழுக்கக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்து வந்த பிள்ளை அது. பரீட்சை இல்லாத தமிழ் இந்த ஒரு அரைமணி நேரம்தான் அதற்குக் கிடைக்கிறது.

கேள்வி: பவர்லூம் தறி ஓட்டுகிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பையன் அரசுப் பள்ளியில் ஆறாவது. அவன் முன்னால் நான் தடுமாறினால் மரியாதை போய்விடாதுங்களா?
– ஒரு வாசகர், பள்ளிபாளையம்

தம்பி, இந்தக் கடிதத்தை எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம்.

மெதுவாக, வாய்விட்டு, கூட்டிக் கூட்டி வாசிப்பது நம் மொழியில் புலவர்களே செய்த வேலை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும். வார்த்தைக்கு வார்த்தை இடமும் விட மாட்டார்கள். 'க' என்று எழுதியிருந்தால் அது க-வா க்-ஆ என்பதை வாசிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்து, காதால் கேட்டு, எங்கே பிரியும் என்று கண்டுபிடிப்பார்கள். அச்சு வந்த பிறகும் நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் 'பெரிய எழுத்து' என்று போட்டே விற்றார்கள். மங்கலான விளக்கிலும், கொஞ்சம் படித்தவரும், ஊர்க்காரர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு வாசிக்கத்தான் அந்தப் புத்தகங்கள் தோதாக இருந்தன.

இப்போது வேலைக்கான வழி. ராத்திரி வாசிக்கப் போகிற பக்கத்தை, டீ குடிக்கிற நேரத்தில் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். மூச்சு விட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தடுமாற வைக்கிற வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு, அதை மட்டும் நாலைந்து தரம் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கம் போதும். நன்றாக வாசித்த ஒரு பக்கத்தைப் பையன் மறக்க மாட்டான்.

அப்புறம், எப்போதும் நீங்களே வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாள் அவன் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். பள்ளியில் அவன் வாசித்தால் ஆசிரியர் தப்பைத் திருத்தத்தான் கேட்பார். அப்பா கதைக்காகக் கேட்கிறார் என்பது அவனுக்குப் புதுசு. "அப்புறம் என்னாச்சு?" என்று நீங்கள் நிஜமாகவே கேட்டால் அவன் குரலே மாறிவிடும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் பள்ளிகளுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. 'நுழை'யில் வாக்கியங்கள் குட்டியாக இருக்கும். அவன் பள்ளியில் இருக்கிறதா என்று கேட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அப்பாவும் மகனுமாக 'பற' வரைக்கும் சேர்ந்தே போகலாம்.

வாய்விட்டு வாசிப்பதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. மனசுக்குள் வாசித்த வார்த்தையைவிட வாயால் சொன்ன வார்த்தை நன்றாக நினைவில் நிற்கிறது என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லியோடும் அவரோடு வேலை செய்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் பையனுக்காக வாசியுங்கள், கூட்டிப் படிக்கிற நிலை உங்களை விட்டுத் தானாகப் போய்விடும்.

மரியாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு, தெரியாத வார்த்தையை விடாமல் கூட்டிப் படித்து முடிக்கிற அப்பாவைப் பார்க்கிற பையனுக்கு மரியாதை கூடத்தான் செய்யும்.

கேள்வி: மகள் வயிற்றுப் பேரன் பெங்களூருவில் இருக்கிறான், எட்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவான், வாசிக்க வராது. வீடியோ காலில் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் வாசித்தால் கேட்பானா? எதை வாசிப்பது?
– ஒரு அப்புச்சி, காங்கயம்

கேட்பானுங்க, ஐயா. வீடியோவை அணைத்துவிடுங்கள். முகம் தெரிந்தால் அவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் படுக்கப் போகிற நேரத்துக்கு, குரல் மட்டும். உங்கள் மகளிடம் சொல்லி போனைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். போனில் குரல் கொஞ்சம் தாமதித்துப் போகும், அதனால் அவன் சிரித்து முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

எதை என்றால், உங்கள் மண்ணின் கதையை விட்டு வேறெங்கே போவது? அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்கிற அண்ணன் தம்பியின் கதை. நம் பக்கத்துக் கோயில்களில் உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடிய கதை. மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960-களில் உங்கள் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடிக் கலைஞர்கள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் அதே கதையைச் சுவடியிலிருந்து எடுத்துப் பதிப்பித்திருக்கிறார். அதில் அவர்களுடைய தங்கை தங்காள் கிளி வேண்டும் என்று கேட்பதும், வீரப்பூர் வனத்துக்குக் கிளி பிடிக்கப் போவதும், கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வருவதும் எட்டு வயதுப் பையனைத் தூங்க விடாது. பாட்டாக இருக்கிற இடத்தை நாலு வரி பாடிவிட்டு, மீதியை உங்கள் பேச்சில் சொல்லுங்கள். சாதிப் பகை வருகிற பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அவன் வளர்ந்த பிறகு, அந்தக் காலத்து நியாயம் எது, அநியாயம் எது என்று உட்கார்ந்து பேச வேண்டிய பகுதிகள் அவை. படுக்கையில் போன் வழியாக ஓட்டிவிட்டுப் போகிற விஷயமில்லை.

வாசிக்கப் போகிற பக்கத்தைப் போட்டோ எடுத்து அவனுக்கு முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். 'கிளி' என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்து வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை 'கொம்பன்'. எழுத்து தானாக வந்துவிடும்.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. தானே நிறைய வாசிக்கிறான். இனியும் நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டுமா? கொஞ்சம் கூச்சப்படுகிறான்.
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

நிறுத்தாதீர்கள். 1985-இல் அமெரிக்காவில் வாசிப்புக் கல்வியை ஆராய்ந்த ஒரு குழு, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதை வகுப்பு ஏற ஏறவும் தொடர வேண்டும் என்று எழுதியது. தானே வாசித்தால் புரியாத புத்தகம், பிறர் வாசித்துக் கேட்டால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. எட்டாம் வகுப்பு வாக்கில்தான் கண் காதை எட்டிப் பிடிக்கிறது என்பார்கள். நம் எழுத்துத் தமிழுக்கு இன்னும் கொஞ்சம் வருஷம் கூடவே ஆகும் என்பது நூலகத்தில் நான் பார்த்தது.

அவன் வயதுக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுங்கள். நீங்கள் மட்டும் வாசிக்காமல் ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'என்ன பிரயோசனம்?' என்று ஓர் அத்தியாயம். 1880-இல் கும்பகோணம். ஐயர் கல்லூரியில் தமிழாசிரியர், இருபத்தைந்து வயது. சேலம் இராமசுவாமி முதலியார் அங்கே முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வருகிறார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் சொல்கிறார். எதற்கும் முதலியார் முகம் மலரவில்லை. பழைய நூல்களைப் படித்தீர்களா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். ஐயரின் வாழ்க்கையே அந்த இடத்தில் திரும்புகிறது, 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். முதலியாரை உங்கள் வீட்டுக்காரர் வாசிக்கட்டும், ஐயரை மகன். ஐயருக்கு முதலில் பெருமிதம், பிறகு குழப்பம், பிறகு ஒரு ரோஷம், எல்லாம் குரலில் வர வேண்டும். பதினாலு வயதுக்காரனுக்கு அந்த ரோஷம் நன்றாகவே புரியும். கூச்சம் முதல் பக்கத்தோடு போய்விடும்.

கேள்வி: போனில் ஒலிப்புத்தகம் நிறைய இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் போதாதா?
– ஒரு வாசகர், உடுமலை

பயணத்தில் கேளுங்கள், சமைக்கும்போது கேளுங்கள், கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் குழந்தை "ஏன் அவன் பொய் சொன்னான்?" என்று நடுவில் கேட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் நிறுத்துவீர்கள். அதற்காக நீங்கள் வேண்டும்.

கேள்வி: புத்தகம் வாங்க எங்களுக்கு அவ்வளவு வசதியில்லை. நல்லதை எப்படித் தேர்வு செய்வது?
– ஒரு வாசகி, பவானி

வாங்கவே வேண்டாம், முதலில் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், பிள்ளைகளோடு போகலாம். ஈரோட்டில் 2005-லிருந்து ஆகஸ்ட் மாதத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது, உங்களுக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம். அங்கே போனால் அட்டையைப் பார்த்து எடுக்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கேயே நின்று, மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். வாய் தட்டுத் தடங்கலில்லாமல் ஓடினால், பக்கத்தில் நிற்கிற பிள்ளை எட்டிப் பார்த்தால், எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கிற சில புத்தகங்கள் வாய்க்கு ஒத்துவருவதில்லை.

கதை பிடிக்காத, எதற்கெடுத்தாலும் "அது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பெரியசாமித் தூரன் பதிப்பித்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' இருக்கிறது, பத்துத் தொகுதி. உங்கள் ஊருக்கு வெகு தூரமில்லாத மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர் தூரன். ஒரு ராத்திரிக்கு ஒரு தலைப்பு வாசிக்கலாம். பழைய தகவல்கள் சிலவற்றை இன்றைய செய்தியோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும், அதையே பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. போனில் எழுத்து பொடியாகத் தெரியும், தெரிந்தவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.